இரண்டு டெசிபல்

லாபு தோட்டத்துச் செம்பனை மரங்களின் ஓரம் தனேஸ்வரனின் கார் நிற்கிறது. அவன் இசையமைத்த பாட்டைக் கார் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்கிறோம். மிக்ஸ் செய்தவள் நான். பாடிய நிரஞ்சனாவின் குரலை நேற்று யாருக்கும் சொல்லாமல் இரண்டு டெசிபல் குறைத்தேன். ஹெட்போனில் அவனுக்குத் தெரியவில்லை. இங்கே உறுமி மேளச் சத்தத்தில் கதவு அதிர்கிறது, அவள் குரல் அமுங்குகிறது. எனக்கு இதமாக இருக்கிறது. "என்னா புனிதா, நிரஞ்சனாவ காணோம் லா?" என்கிறான். "ஒங்க காடி ஸ்பீக்கர்ல பேஸ் சத்தம் கூடுதல்," என்கிறேன், டேஷ்போர்டுத் தூசியைப் பார்த்தபடி. அவன் சிரித்துக்கொண்டே அதே பாட்டைக் கைப்பேசியில் போடுகிறான். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் உறுமி எடுபடாது. அது எனக்குத் தெரிந்ததுதான், நேற்று நினைவில் வரவில்லை. அவள் குரல் மட்டும் வருகிறது. அவன் கண்ணை மூடிக் கைப்பேசியைக் காதோடு வைத்துக்கொள்கிறான். ஓலை நிழல் அவன் இமைமேல் அசைகிறது. அவளை மறைக்க இனி என்னிடம் ஒன்றுமில்லை.