அந்தம்மா கழுவிய ஜோடி

புத்தம்புது வெள்ளை ஷூவைப் பழசாக்குவதுதான் ரமீஜாவின் வேலை. டீ டிகாஷனைத் துணியில் தொட்டு அடிப்பாகமெங்கும் தேய்ப்பாள், முனையில் கொஞ்சம் கரி. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ போட்டு ஓடியதுபோல ஆனதும் பெட்டிக்குள் போகும். அதற்காக நகரத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வீட்டில் சாப்பிடும்போதுகூட அவள் கட்டைவிரல் தட்டின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

அந்த நாட்களில் ஒரு ஜோடி மட்டும் பளீரென்று திரும்பி வந்தது. வாங்கிய பையனின் அம்மா அழுக்கென்று நினைத்துக் கழுவிவிட்டாராம். மறுபடி அழுக்காக்கித் தரச் சொல்லியிருந்தான். கம்பெனியே சிரித்தது. ரமீஜா மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு திடீரென்று எல்லோருக்கும் அந்தப் பழசு சலித்துப்போனது. பெட்டிகள் லாரி லாரியாகத் திரும்பின.

"எல்லாத்தையும் புதுசாக்கணுமாம்க்கா. இல்லேன்னா நம்மள வீட்டுக்கு அனுப்பிடுவாங்க," என்றார் சூப்பர்வைசர் குணசீலன்.

சோப்பு, பற்பசை, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்தாள். கறை மங்கியதே தவிரப் போகவில்லை. அவ்வளவு நன்றாக ஏற்றியிருந்தாள்.

"சார், அன்னைக்கு ஒரு ஜோடியக் கழுவிட்டாங்களே, அந்தம்மா எதப் போட்டுத் தேச்சாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. குணசீலன் அந்தப் பையனின் நம்பரைத் தேடிப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரமீஜாவின் கட்டைவிரல் மேசை விளிம்பைத் தேய்க்கத் தொடங்கியிருந்தது.