கை பட்ட ஃபைல்கள்

“நேத்து இத யாரு தொட்டது அங்கிள்?” என்று லேப்டாப்பைப் பார்த்தபடி ஸ்டீவன் மாணிக்கராஜிடம் கேட்டான்.

தொட்டது அவர்தான். மகள் ஸ்வீட்டி குளிக்கப் போயிருந்த நேரத்தில், இறந்துபோன மனைவியின் போட்டோவைப் பார்க்கலாமென்று மகளின் லேப்டாப்பைத் திறந்தார். போட்டோ கிடைக்கவில்லை. எதையெதையோ அமுக்கிவிட்டு மூடி வைத்துவிட்டார்.

இன்று காலையில் ஸ்வீட்டியின் சர்டிபிகேட் ஒன்றுகூடத் திறக்கவில்லை. வேலை கொடுக்கிறேன் என்ற அயர்லாந்துக் கம்பெனி, சாயங்காலத்துக்குள் அவற்றை மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தது. பெங்களூரு ஆபீசில் நாளெல்லாம் கம்ப்யூட்டரோடு கிடக்கிற பெண், ஒரு தரம் தட்டிப் பார்த்ததோடு சரி. நான்தான் கெடுத்துவிட்டேன் என்று இவர் முனகியபோதும் திட்டவில்லை. கொடுத்து வைக்கவில்லை, விடு டாடி என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

திட்டியிருந்தால் தேவலை. மகள் வெளிநாடு போகிறாள் என்று, தான் குடியிருக்கும் ஸ்கெலட்டன் பகுதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். அவள் தயங்கியபோதெல்லாம், எனக்கு இன்னா கொறச்சல், நீ போம்மா என்று தள்ளியவரும் அவரே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்கால் போட்டபோது, ஆண்டவரே, இந்த வேலை எப்படியாவது தட்டிப்போகட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார்.

வேண்டியது நடந்துவிட்டது. அதுவும் அவர் கையாலேயே. அந்தக் குற்றம் உறுத்த, லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டையில் இருந்த ஸ்டீவனின் கம்ப்யூட்டர் கடைக்கு வந்திருந்தார்.

“நான்தாம்பா தொட்டேன்” என்றார் தலையைக் குனிந்தபடி.

ஸ்டீவன் கொஞ்ச நேரம் குடைந்து பார்த்தான். ஃபைல் எதுவும் கெட்டுப்போகவில்லையாம். பெயரின் கடைசி எழுத்துகள் மட்டும் மாறியிருக்கின்றனவாம். அதனால் கம்ப்யூட்டருக்கு அவை என்னவென்றே தெரியவில்லையாம்.

“ஒண்ணு மாறுனா கை பட்டுச்சுன்னு சொல்லலாம் அங்கிள். எல்லாமே ஒரே மாதிரி மாறியிருக்குதே.”

மாணிக்கராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்டீவன் பெயரைச் சரிசெய்ததும் திரையில் மகளின் டிகிரி சர்டிபிகேட் விரிந்தது. ஸ்வீட்டிக்குப் போன் போட்டார்; அவள் எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. நேரமோ ஓடிக்கொண்டிருந்தது.

இனி தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட வேண்டும். வெறும் வீட்டுக்குப் போய் விளக்கைப் போட வேண்டும். எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயிற்று. ஒரு தரம் மகளுக்குச் செய்த துரோகம் போதும் என்று நினைத்துக்கொண்டார்.

“அனுப்பிடுப்பா” என்றார். ஸ்வீட்டியின் மெயில் லேப்டாப்பில் திறந்தே இருந்தது; ஸ்டீவன் அதிலிருந்தே அனுப்பினான்.

இருட்டும் நேரத்தில் ஸ்வீட்டி வீட்டுக்குள் வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சர்டிபிகேட்டெல்லாம் கிடைத்தது என்று கம்பெனியிலிருந்து பதிலும் வந்துவிட்டதாம்.

ஸ்வீட்டி தோளில் மாட்டிய பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து அவருக்குப் பாரம் இறங்கியது போலிருந்தது.

“இன்னாம்மா, சந்தோஷம்தானே?”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“உன்ன தனியா உட்டுட்டுப் போக மனசு வராம, நான்தான் டாடி அத தொறக்காம பண்ணி வச்சேன்.”