யார் அந்த ‘அவள்’?

கார்முகில் கவிந்து, பகலையே அந்திபோல் ஒடுக்கியிருந்த மழைக்காலம். மறைந்த காதல் கவிஞரின் மனைவி, அவருடைய கடைசித் தொகுப்பின் திருத்தம் பார்க்க வந்த புரூஃப் தாள்களைப் பதிப்பாளரின் மேசைமேல் வீசினாள்.

“யாரு இந்த ‘அவள்’? பக்கத்துக்குப் பக்கம் ‘அவள் நினைவே என் மூச்சு’ன்னு!”

“கவிஞர்னா அப்படி இப்படி இருக்கத்தான் செய்வாங்கம்மா. போனவர்மேல கோபம் எதுக்கு?”

“அவர்மேல எனக்கென்ன கோபம்? கடைசிக் காலத்துல இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல எழுதினவளே நான்தான். அத்தனையும் ‘அவன்’. அவர் கும்பிட்ட சாமி!”

பதிப்பாளர் தலையைச் சொறிந்தார். “ஒரு எழுத்துதானேம்மா மாத்தினேன். காதல்னாதான் விக்கும்.”

“அந்த ஒரு எழுத்துலதான் அவரோட சாமியே இருக்கு!”

சிவப்புப் பேனாவைப் பிடுங்கி, ஒவ்வொரு ‘ள்’ளையும் ‘ன்’ ஆக்கினாள். கடைசி வரியைத் திருத்தியதும் கண்மூடிக் கைகூப்பினாள்.

“அவன் உங்களையும் நல்லா வைக்கட்டும்.”