இரண்டு மாடிக்கு நடுவில்

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. கம்பிக் கதவுக்கு வெளியே வெறும் செங்கல் சுவர்.

"பழைய காலத்து மெஷின். அப்பப்ப இப்படித்தான் அடம் பிடிக்கும்," என்றார் லிஃப்ட்காரர், கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமலே.

அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. எந்தக் காலத்திலோ ஒரு துரை தன் மனைவிக்காக வைத்த லிஃப்டாம். மாளிகை மியூசியமான பிறகும் ஓடுகிறது. இரண்டு பேரைத்தான் ஏற்றுவார்கள் என்பதால் கணவன் கீழேயே நின்றுவிட்டான். மாட்டிக்கொண்டதுதான் மாட்டிக்கொண்டாள், அதுவும் மாமியாரோடு!

கல்யாணமாகி மூன்று வருஷம். கணவன் ஆபீஸ் கிளம்பும்போது கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவான். வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் கேமரா. அங்கிருந்தபடியே பேச்சுக்கூடக் கேட்பான். மாமியாரோ அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

தன் பிறந்தநாளுக்கு இந்த மாளிகையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது மாமியார்தான். லிஃப்ட் என்றாலே பயந்து, நாலாவது மாடி வீட்டுக்கும் படியேறிப் போகிற மனுஷி, இங்கே முதல் ஆளாக ஏறி மருமகளையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"என்னாச்சும்மா? அவ பக்கத்துலதானே இருக்கா?" கீழேயிருந்து கணவனின் குரல்.

"இருக்காடா! எங்க போயிடப் போறா?" என்று கத்திய மாமியார், அவள் காதருகே குனிந்தாள். "கட்டிலுக்கு அடியில பை கட்டி வெச்சிருக்கே. பார்த்துட்டேன்."

அவள் மாமியாரின் கையைப் பற்றிக்கொண்டாள். "அத்தை... அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"வாயை மூடிட்டுக் கேளு. நாளைக்குக் காலையில எனக்கு நெஞ்சு வலி வரும். அவன் என்னைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். நீ நேரா உங்க அக்கா வீட்டுக்குப் போயிடு." ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் அழுத்தினாள். "இன்னொரு சாவியைக் காணோம்னு தேடினானே, அது இதுதான்."

"அப்ப நீங்க?"

"இவன் அப்பனையே முப்பது வருஷம் சமாளிச்சவ நான்."

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழே கணவன் கம்பிக் கதவைப் படபடவென்று தட்டத் தொடங்கியிருந்தான்.

மாமியார் முந்தானையால் மருமகளின் கண்ணைத் துடைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்றிருந்த லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினாள்.

"பேசி முடிச்சாச்சு தம்பி. இப்ப லிஃப்டை விடுங்க."