வைஃபைக்குப் பெயர்

ரௌட்டரைத் திறந்து பார்த்த கேபிள்காரப் பையன் வேடியப்பன், "எழுதி எழுதி உள்ள இருக்கிற மெமரி தேஞ்சுபோச்சு மாமா. இத்தினி தடவையா பேரு மாத்துவாங்க?" என்றான்.

மாற்றினோம்.

பசுவை விற்ற தகராறில் நானும் என் மனைவி கஸ்தூரியும் பேச்சை நிறுத்தி நாலு வருஷம். முதலில் பேசுகிறவர் தோற்றவர். மகள் அபிநயாதான் நடுவில் நின்று கஸ்தூரி சொன்னதை என்னிடமும், நான் சொன்னதை அவளிடமும் ஒப்பித்தாள். கல்யாணமாகி ஓசூருக்குப் போகும்போது, வீடியோ காலுக்கென்று வைஃபை போட்டுக் கொடுத்தாள்.

போனில் செய்தி அனுப்பினால் பேசியதாகிவிடும். வைஃபைக்குப் பெயர் வைப்பது அந்தக் கணக்கில் வராது.

கஸ்தூரி 'மாத்திரை' என்று வைப்பாள். நான் விழுங்கிவிட்டு 'ஆச்சு' என்று மாற்றுவேன். சண்டையும் அதிலேயே போட்டோம். ஒவ்வொரு தடவையும் லைன் அறுந்து திரும்பச் சேரும்.

புது ரௌட்டர் பௌர்ணமி கழித்துத்தான் வரும் என்று வேடியப்பன் போய்விட்டான். பழையதில் எந்தப் பெயரும் ஏறவில்லை. கடைசியாக அவள் வைத்த 'சோறு ரெடி'யிலேயே நின்றது. அணைத்திருக்கலாம். அணைத்தால் உறவையே முறித்தது போல ஆகிவிடும் என்று இருவரும் தொடவில்லை.

வீட்டில் ஒரு சத்தமில்லை. இப்படியே செத்தும் போய்விடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை மேலேயே இருக்கிறது. பௌர்ணமிக் கூட்டத்தில் டவர் திணறும். நடக்கிறவர்கள் வைஃபை தேடுவார்கள்.

பௌர்ணமியன்று சாயங்காலம் ஒரு குடும்பம் வெறுங்காலோடு வாசலில் வந்து நின்றது. போனைக் காட்டி, அன்னதானம் இங்கேதானே என்று கேட்டது. அதற்குள் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

மலை சுற்றுகிறவர்களிடம் சோறு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். உள்ளே போய்ப் பெரிய குண்டானை அடுப்பில் ஏற்றினாள்.

நான் மரம் மாதிரி நின்றேன்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? ஓடிப்போய் பாக்குத் தட்டு வாங்கியாங்க!"

"எத்தினி?"

"ஜாஸ்தியாவே வாங்கியாங்க."

ஓடினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கூட்டத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

முதலில் வாயைத் திறந்தது அவள்தான். அது அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. உறைக்க விடாமல், உப்பு போதுமா, கரண்டி எங்கே, தண்ணீர் எடுத்து வரட்டுமா என்று ஒன்றுக்கும் உதவாத கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.