குதிகால் குழிகள்

“வீட்டுக்குள்ள குதிகால் செருப்பு போட்டு நடக்குற ஒரே பொம்பள இவதான் மேஸ்திரி. தரையைப் பாருங்க, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி இருக்கு!”

கணவன் குனிந்து, ஒரு குழிக்குள் சுண்டுவிரலை விட்டுக் காட்டினான்.

தரை போடும் மேஸ்திரி, மாதிரிகள் நிறைந்த பையைத் தோளிலிருந்து இறக்கினார். மாடி ஏறி வந்ததில் முழங்கால் இரண்டும் கெஞ்சின. பைக்குப் பக்கத்திலேயே அவரும் உட்கார்ந்துவிட்டார். தரையில் ஒட்டியிருந்தது சாம்பல் நிற வினைல் விரிப்பு. போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லையாம். அதற்குள் வட்ட வட்டமாகக் குழி.

“வீட்டுல போட்டுப் பழகினாத்தானே வெளியில விழாம நடக்க முடியும்?” என்றாள் மனைவி, மேஸ்திரியிடம் தண்ணீரை நீட்டியபடி.

“நீ பழகி முடிக்கிறதுக்குள்ள தரை ஓட்டையாகி, கீழ்வீட்டுக்காரர் தலையில போய் நிப்ப.”

ஜன்னலோர நாற்காலியில் இருந்த அவளுடைய மாமனார் சத்தமில்லாமல் சிரித்தார். இந்தத் தரையைப் போட்ட கையோடு வந்த பக்கவாதம், அவருடைய இடது காலை முடக்கியிருந்தது.

கணவன் மேஸ்திரியின் அருகில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினான்.

“அப்பாவுக்காகத்தான் இந்த தடவை மெத்துன்னு கம்பளம் போட்டுடலாம்னு பார்க்குறேன். டாக்டர் நடக்கச் சொன்னார். ஒரு தடவை எழுந்தார், என் கண்ணு முன்னாலயே விழுந்தார். அன்னையிலிருந்து வாங்கப்பான்னு கையைப் பிடிச்சா பேச்சை மாத்திடுறார். வாங்கிக் குடுத்த ஊன்றுகோல் துண்டு காயப்போடத்தான் ஆகுது.”

நாற்காலிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்த ஊன்றுகோலில், தரையைத் தொடும் அளவுக்கு ஒரு துண்டு தொங்கியது.

“இனிமே நடக்க மாட்டார் மேஸ்திரி. எனக்கு மனசு விட்டுப்போச்சு. நாற்காலியிலிருந்து சரிஞ்சு விழுந்தாலாவது அடிபடாம இருக்கட்டும்.”

“கம்பளம் வேண்டவே வேண்டாம்!” மனைவிக்குக் காது கூர்மை. “கால் புதையும். டைல்ஸ் போடுங்க. குதிகால் குத்தினாலும் குழி விழக் கூடாது. கொஞ்சம் சொரசொரன்னு இருக்கணும், ஈரத்துலகூட வழுக்கக் கூடாது.”

“ஏன், ஹீல்ஸ் மாட்டிக்கிட்டு ஓட்டப்பந்தயம் ஓடப் போறியா?”

“ஓடினா என்னவாம்? பின்னாலயே வந்து பிடிங்க.”

மேஸ்திரி சிரித்துக்கொண்டே அளவு நாடாவை இழுத்தார். இந்த மாதிரிச் சண்டை நடக்கும் வீட்டில் வேலை செய்ய அவருக்குப் பிடிக்கும். தவழ்ந்தபடி அளந்துகொண்டு போனபோது, குழிகள் ஜன்னலிலிருந்து வாசல் கதவு வரை போய் அப்படியே திரும்பி வந்திருப்பதைப் பார்த்தார்.

“ஒரே தடத்துல நடந்திருக்கீங்களே தங்கச்சி, மாடு செக்கைச் சுத்துற மாதிரி?”

“போன் பேசிக்கிட்டே நடப்பேன் அண்ணே,” என்றாள் அவள் அவசரமாக.

மாமனாருக்கு ஏனோ இருமல் வந்தது.

“எதைப் போட்டாலும் ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடுவோம்,” என்றார் மேஸ்திரி, பையிலிருந்து ஒரு தடித்த டைல்ஸை எடுத்து நடுத்தரையில் வைத்து. “யானைக் காலைத் தாங்குற தரைகூட இந்தக் குதிகாலைத் தாங்காது. மொத்த எடையும் பொட்டு அளவு இடத்துல இறங்கும். அந்தச் செருப்பைக் கொண்டாங்க, இது மேல ஏறி நில்லுங்க.”

மனைவியின் முகம் மாறியது. “இப்பவா? அது எங்க கிடக்குதோ…”

“எனக்குத் தெரியும். அலமாரிக்கு மேல இருக்கு,” என்று கணவன் உள்ளே போனான்.

“என்னங்க, விடுங்க, நானே…”

அதற்குள் அவன் சிவப்புச் செருப்புகளோடு வந்துவிட்டான். மேஸ்திரியிடம் கொடுக்கத் திருப்பிப் பிடித்தவன், அப்படியே நின்றான். அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு கிழியாமல் இருந்தது. குதிகால் முனையில் ஒரு கீறல் இல்லை.

“இதை நீ ஒரு நாள்கூடப் போட்டதில்லையே!”

அவள் செருப்பை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அப்புறம் எதுக்கு இவ்வளவு நாள் என்கிட்ட திட்டு வாங்கின? இந்தக் குழியெல்லாம் எப்படி விழுந்துச்சு?”

டொக்.

சத்தம் அவன் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினான்.

நாற்காலி காலியாக இருந்தது. துண்டு தரையில் கிடந்தது. ரப்பர் குல்லா கழன்ற ஊன்றுகோலின் இரும்பு முனையை டைல்ஸ் மேல் அழுத்தி ஊன்றி, நடு வீட்டில் நின்றுகொண்டிருந்தார் அப்பா. பிடிக்க ஓடப்போனவனின் சட்டையை மனைவி பின்னாலிருந்து பற்றிக்கொண்டாள்.

“விடுங்க. வாசல் வரைக்கும் போய்ட்டு வருவார். நீங்க வேலைக்குக் கிளம்பினதும் தினமும் அதானே நடக்குது.”

அப்பா ஊன்றுகோலைத் தூக்கி, டைல்ஸில் தடம் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். விழவில்லை. அடுத்த அடியை எடுத்து வைத்தார். இரும்பு முனை, வினைல் விரிப்பின் ஒரு குழிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது.

“உன் முன்னால இன்னொரு தடவை விழுந்தா நீ தாங்க மாட்டடா. விழாம நடக்கப் பழகுற வரைக்கும், பழி அவ செருப்பு மேலயே இருக்கட்டும்னு சொன்னது உன் பொண்டாட்டிதான்.”