யாருக்குக் கீழே யார்

"எழுதுங்க மிஸ். ஜெனரல் மேனேஜர், ஜாஸிம்" என்றார் யஹ்யா.

ஷாந்தினி வெள்ளைப் பலகையில் முதலாளியான அவருடைய பெட்டிக்குக் கீழே இன்னொரு பெட்டி போட்டு இளைய மகனின் பெயரை எழுதினாள்.

பெர்மாஸ் ஜெயாவில் நன்றாக ஓடும் சாப்பாட்டுக் கடை. பத்து பாகாட்டில் கிளை திறக்கப் போகிறார்கள். யாருக்கு என்ன வேலை, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வரைந்து கொடுக்கத்தான் அவளை அழைத்திருந்தார் யஹ்யா.

மதியக் கூட்டம் கலைந்திருந்தது. வேலையாட்களும் வந்து பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அத்தா, நான் எங்க?"

மூத்த மகன் நவ்சாத். கடை தொடங்கிய நாளிலிருந்து அடுப்படியில் நிற்பவன். கறி வெட்டிக்கொண்டிருந்த கத்தியோடு வந்திருந்தான்.

யஹ்யா ஜாஸிமைப் பார்த்தார். ஜாஸிம்தான் சொன்னான்.

"கிச்சன் சூப்பர்வைசர் லா. எனக்குக் கீழ போடுங்க மிஸ்."

ஷாந்தினி கோடு இழுத்தாள்.

பின்னால் நாற்காலி சரிந்தது. திரும்பினாள். நவ்சாத் தம்பியின் பிடரியைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் மோதினான். மறுபடியும் மோதினான். எலும்பு நொறுங்குவது கேட்டது. ஜாஸிம் கைக்கு அகப்பட்ட கண்ணாடிக் கிளாஸால் அண்ணனின் நெற்றியில் ஓங்கி அடித்தான்.

"உனக்குக் கீழயாடா?"

கத்தி தம்பியின் விலாவுக்குக் கீழே பிடிவரை இறங்கியது.

அதை உருவிய பிறகுதான் நவ்சாத் தன் கையைப் பார்த்தான்.

யஹ்யா ஏதோ கத்தினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. வேலையாட்கள் எல்லோரும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்கள்.

அங்கிருந்து ரம்ஜான் பீவி வந்தார். யஹ்யாவின் மனைவி. பலகையில் அவருக்குப் பெட்டி இல்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டார்கள். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டச் சொன்னார். கூட்டினார்கள். தரையில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஊற்றினார்கள். நவ்சாத்தைப் பின்வாசல் வழியாகப் போகச் சொன்னார். போனான்.

பிறகு மண்டியிட்டு, ஒரு கையால் ஜாஸிமின் வயிற்றில் துண்டை அழுத்தினார். மறு கையால் கீழே கிடந்த கத்தியின் பிடியைத் துடைத்து அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"வழுக்கி விழுந்தான். எல்லாருக்கும் வெளங்குதா? ஒரு புள்ளைக்காக இன்னொரு புள்ளைய நான் தூக்குக்கு அனுப்ப மாட்டேன்."

ஆம்புலன்ஸோடு போலீசும் வந்தது. ரொட்டி போடுகிறவர், வழுக்கி விழுந்தார் என்றார். டீத்தண்ணீர் கலக்குகிறவரும் அதையே சொன்னார். யஹ்யாவும் சொன்னார்.

போலீஸ்காரர் ஷாந்தினியிடம் வந்தார். அவள் பீவியைப் பார்த்தாள். அந்த முகத்தில் மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. தான் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததாகவும் எதையும் கவனிக்கவில்லை என்றும் மலாயில் சொன்னாள். தன் குரல் நடுங்காதது அவளுக்கே பயமாக இருந்தது.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது போலீஸ்காரர் குனிந்து ஜாஸிமிடமே கேட்டார்.

அவன் கண்கள் அலைந்து உம்மாவிடம் வந்து நின்றன. பீவி தலையசைத்தார்.

"நானேதான் விழுந்தேன்" என்றான்.

பீவி அவன் நெற்றியைத் தடவினார். "போதும் ராசா. இனி பேசாத."

உம்மாவின் அந்தப் பேச்சையும் ஜாஸிம் தட்டவில்லை. பாதி வழியில் மூச்சு நின்றது.